செர்பென்டைன் என்றால் போலி ஜேட்டா? வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா?

கேள்வி: ஜேட் என்று பரிசாக வந்த பச்சை வளையலைச் சோதித்தவர்கள் ‘இது செர்பென்டைன்’ என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் போலியா? அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றும் படித்தேன். தூக்கி எறிந்துவிடவா?

எறியாதீர்கள். காரணங்கள் கீழே வருகின்றன. அதற்குள் வளையல் குப்பைக்குப் போய்விடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

கனிமவியல் படித்து, பல வருடம் கற்பித்தும் இருக்கிறேன். இந்தக் கல்லை யாராவது போலி என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ சாயம் போட்டு ஜேட் என்று விற்றால் அது போலி. செர்பென்டைன் பூமிக்குள் உருவான அசல் கனிமம். ரசீதில் எழுதிய பெயர் பொய்யாக இருக்கலாம், கல் பொய்யில்லை. ஜேட் விலை கொடுத்து வாங்கியது என்றால் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஏமாற்றும் வியாபாரிக்கு நான் வக்காலத்து வாங்குவதாகக் கீழே யாரும் எழுத வேண்டாம்.

இன்னொன்று, ஜேட் என்பதே ஒற்றைக் கனிமம் இல்லை. ஒரே பெயரில் புழங்கிய அந்தக் கற்களில் இரண்டு வெவ்வேறு கனிமங்கள் இருப்பதை 1863ல்தான் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சிஸ் தமூர் பகுத்துக் காட்டினார். ஒன்று நெஃப்ரைட், மற்றது ஜேடைட். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைக்கும் சியூயான் கல்லின் பெரும்பகுதி செர்பென்டைன்தான். அங்கே அதையும் பெயர்பெற்ற ஜேட் வகைகளில் ஒன்றாகவே எண்ணுகிறார்கள்.

என் பெரியம்மாவுக்கும் இதே கதைதான் நடந்தது. பெரியப்பா வெளியூர் வேலையில் இருந்தபோது வாங்கி வந்த பச்சை வளையல் அது. அவர் காலமான பிறகு பெரியம்மா அதைக் கையிலிருந்து கழற்றியதே இல்லை. ஒரு நாள் ஒரு நகைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது ஜேட்டே இல்லைம்மா, செர்பென்டைன். காசு பெறாது, உடம்புக்கும் ஆகாது’ என்று சொல்லிவிட்டார். பெரியம்மா அன்றைக்கே அதைக் கழற்றி, ஒரு பையில் சுற்றி, பரணில் போட்டுவிட்டார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: ‘உங்க பெரியப்பாவை ஏமாத்திட்டாங்களே.’

நான் அதை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். கத்தியால் கீறிப் பார்க்கும் சோதனையைச் செய்யவில்லை. அது பாறைத் துண்டுக்குச் செய்வது, ஒருவர் அணிந்திருந்த பொருளுக்குச் செய்வதில்லை. காற்றில் ஒரு எடை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு இன்னொரு எடை. காற்றில் இருந்த எடையை, தண்ணீரில் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். 2.58 வந்தது. நெஃப்ரைட் என்றால் 2.95ஐ ஒட்டி இருக்கும், ஜேடைட் 3.3ஐத் தொடும். இந்த மட்டில் ஜேட் இல்லை என்று உறுதியாகிவிட்டது. ஆனால் சாயமேற்றிய குவார்ட்சைட் என்ற பாறை 2.65 என்று பக்கத்தில் வந்து குழப்பும் என்பதால், லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் ராமன் நிறமாலைமானியிலும் வைத்தேன். செர்பென்டைனில் ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி, உண்டு, அது தனி முத்திரையாகத் தெரியும், எந்த வகை செர்பென்டைன் என்பதுவரை அதிலேயே தெரிந்துவிடும். பெரியம்மாவுடையது ஆன்டிகோரைட். லென்ஸில் பார்த்தபோது விரிசல்களில் சாயம் தேங்கியிருக்கவில்லை. உள்ளே தூசித் தூசியாகக் கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தன. வலுவான காந்தத்தைக் கொண்டுபோனபோது நூலில் தொங்கிய வளையல் அதன் பக்கம் நகர்ந்தது. அந்தப் புள்ளிகள் மேக்னடைட், காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு.

இந்தக் கறுப்புப் புள்ளிகளை வைத்துத்தான் பெரியம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

புவி மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டிலின் மேற்பகுதி பெரிடோடைட் என்ற பாறையால் ஆனது. அதில் பெரும்பங்கு ஆலிவின் என்ற கனிமம், மீதியில் பெரும்பாலும் பைராக்சீன் என்ற இன்னொரு கனிமம். கடலடியில் புவித்தட்டுகள் விலகும் இடங்களிலும், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடங்களிலும் இந்தப் பாறைக்குத் தண்ணீர் எட்டுகிறது. அப்போது ஆலிவின் தண்ணீரைத் தன் அமைப்புக்குள்ளேயே வாங்கிக்கொண்டு செர்பென்டைனாக மாறுகிறது. மிஞ்சும் மக்னீசியம் புரூசைட் என்ற கனிமம் ஆகிறது. ஆலிவினில் இருந்த இரும்பில் ஒரு பகுதி, நீரிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மேக்னடைட் ஆகிறது. தனித்து நிற்கும் ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது. ஆக, வளையலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் அப்படி ஹைட்ரஜன் வெளியேறியதற்குச் சாட்சி.

இந்த மாற்றத்தில் வெப்பமும் வெளிப்படுகிறது. அடர்த்தி ஏறக்குறைய 3.3லிருந்து 2.6க்கு இறங்குவதால் பாறை வீங்குகிறது. வீக்கத்தில் புது விரிசல்கள் விழ, அவற்றின் வழியே இன்னும் உள்ளே தண்ணீர் போகிறது. உருவாகி முடிந்த கனிமத்தின் எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீர். தொட்டால் ஈரம் தெரியாது, பிழிந்தாலும் வராது, அணு அமைப்பிலேயே பிணைந்து கிடக்கிறது. மெழுகு பூசினாற்போன்ற அந்தப் பளபளப்பும், மோஸ் கடின அளவுகோலில் 2.5 முதல் 4 வரை மட்டுமே இருக்கும் கடினமும் இந்தக் கனிமத்தின் அடையாளங்கள். அடர்த்தியான சில ஆன்டிகோரைட் வகைகள் மட்டும் 5க்கு மேலும் போகும்.

2000ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் ‘லாஸ்ட் சிட்டி’ என்ற வெந்நீர் ஊற்றுத் தொகுதியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே எரிமலை இல்லை. அடியில் பாறை செர்பென்டைனாக மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெளிவரும் நீர் 40 முதல் 90 டிகிரி செல்சியஸ், கடுமையான காரத்தன்மை, நிறைய ஹைட்ரஜனும் மீத்தேனும். 60 மீட்டர் உயரத்துக்குக் கார்பனேட் கோபுரங்கள் வளர்ந்து நிற்கின்றன, நுண்ணுயிர்கள் அந்த வாயுக்களை வைத்தே வாழ்கின்றன. பூமியில் உயிர் இப்படிப்பட்ட இடத்தில் தோன்றியிருக்கலாமா என்று ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். தோன்றியது என்று நான் சொல்லவில்லை, யாரும் அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். ‘காசு பெறாது’ என்று ஒதுக்கிய கல்லின் பிறப்பில் இவ்வளவு நடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அப்ப இது கல்லுதான?’ என்றார். ‘கல்லேதான் பெரியம்மா’ என்றேன். வளையல் மறுபடி கைக்குப் போனது.

சரி, ஆஸ்பெஸ்டாஸ் விஷயம். இதில் நீங்கள் படித்தது முழுப் பொய்யில்லை, பாதி உண்மை. செர்பென்டைன் என்பது ஒரு குடும்பம், அதில் லிசார்டைட், ஆன்டிகோரைட், கிரைசோடைல் என்று மூன்று முக்கிய வகைகள். மூன்றிலும் ஒரு சிலிக்கா அடுக்கும் ஒரு மக்னீசிய அடுக்கும் ஒட்டியிருக்கும். மக்னீசிய அடுக்கு சற்றுப் பெரிது, இரண்டும் அளவில் சரியாகப் பொருந்தாது. இப்படி இரு பக்கமும் ஒத்துப்போகாத அடுக்குகள் வளைய முனையும் என்று அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1930லேயே எழுதினார். லிசார்டைட் அந்த இழுவையைச் சமாளித்துத் தட்டையாகவே இருந்துவிடுகிறது. ஆன்டிகோரைட் அலை அலையாக மடிகிறது. கிரைசோடைல் பாய் சுருட்டினாற்போல உருண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களாகிவிடுகிறது. அந்தக் குழாய்கள் கட்டுக்கட்டாக நாராகக் கிடைப்பதுதான் வெள்ளைக் கல்நார், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். உலகம் பயன்படுத்திய கல்நாரில் மிகப் பெரும்பகுதி இதுதான்.

இதன் ஆபத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. அமெரிக்கா 2024ல் கிரைசோடைலுக்குத் தடை அறிவித்தது. கனடாவின் கியூபெக்கில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க நகரம் 2020ல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் கெடுதல் வருவது காற்றில் பறக்கும் நாரை மூச்சில் இழுப்பதால். மெருகேற்றிய, உடையாத, திண்மையான வளையலிலிருந்து நார் பறக்காது. உங்கள் கல்லில் பட்டுநூல் போல மினுங்கும், குறுக்கே நார் ஓடும் வெள்ளைக் கோடுகள் இருந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். சுரண்டாமல், மூடிய பையில் வைத்து, கனிம ஆய்வகத்தில் கேளுங்கள். எந்தச் செர்பென்டைனையும் உலர்ந்தபடி அறுக்கவோ துளையிடவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. இந்தக் கல்லில் பயப்பட வேண்டியவர் அணிபவர் இல்லை, தூசிக்கு நடுவில் உட்கார்ந்து அதைச் செதுக்குபவர். அவருடைய நுரையீரலைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

கலிஃபோர்னியா 1965ல் செர்பென்டைனைத் தன் மாநிலப் பாறையாக அறிவித்தது. 2010ல் கல்நாரைக் காரணம் காட்டி அந்த இடத்திலிருந்து அதை நீக்க ஒரு மசோதா வந்தது. எல்லா செர்பென்டைனும் கல்நார் இல்லை என்று புவியியலாளர்கள் எதிர்த்தார்கள், மசோதா நிறைவேறவில்லை. உங்களுக்கு வந்த பயமும் அதே குழப்பத்திலிருந்து வந்ததுதான்.

பயன் என்ன என்றும் கேட்பீர்கள். மெக்சிகோவின் லா வெண்டாவில் பண்டைய ஓல்மெக் மக்கள் செர்பென்டைன் கட்டிகளை டன் கணக்கில் காணிக்கையாகப் புதைத்தார்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் ஒளி ஊடுருவும் ஒரு வகையைத் தங்கிவாய் என்று போற்றுகிறார்கள். ஜிம்பாப்வேயின் சிற்பிகள் இதில்தான் பேர் வாங்கினார்கள். நியூசிலாந்திலேயே இதைப் பாஸ்பேட்டோடு கலந்து மக்னீசிய உரமாகவும் போட்டிருக்கிறார்கள். உருக்காலைகளில் கசடை இளக்கிப் பிரிக்க உதவும் இளக்கியாக இது போகிறது. அணு உலைகளில் கதிர்வீச்சைத் தடுக்கும் கான்கிரீட்டிலும் இதைச் சேர்க்கிறார்கள். நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க ஹைட்ரஜன் வேண்டும், சாதாரண கான்கிரீட் சூடேறினால் நீரை இழந்துவிடும், செர்பென்டைன் சில நூறு டிகிரி வரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓமன் மலைகளில் இந்தக் குடும்பப் பாறைகள் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. அதை வேகப்படுத்த முடியுமா என்று சோதிக்கிறார்கள்.

கேட்டதற்குத் தொடர்பில்லாத ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் கற்பித்த கல்லூரியில் பழைய இழுப்பறைகளில் நூற்றுக்கணக்கான கனிம மாதிரிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எடுத்த இடம், எடுத்தவர், நாள் எழுதிய சின்னத் தாள். கட்டடம் மாற்றும்போது மாதிரிகளை ஒரு மூட்டையாகவும் தாள்களைக் குப்பையாகவும் அள்ளிவிட்டார்கள். இடம் தெரியாத பாறை மாதிரி ஆய்வுக்கு உதவாது. கேட்டபோது, ‘கல்லுதானே, வேற வாங்கிக்கலாம்’ என்று பதில் வந்தது. இப்போது மாணவர்கள், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக அறுத்த பாறைச் சீவலை நுண்ணோக்கியில் பார்க்காமல் படத்தை மனப்பாடம் செய்கிறார்கள். வலை போலப் பின்னிய செர்பென்டைனுக்கு நடுவே மாறாமல் மிஞ்சிய ஒரு துளி ஆலிவின் வண்ணமாக ஒளிர்வதைத் தன் கண்ணால் பார்த்த மாணவர், இந்தக் கல்லை மட்டமாகப் பேச மாட்டார்.

உங்கள் வளையலுக்கு வருகிறேன். சோதித்தவர்களிடம் ‘இயற்கைச் செர்பென்டைன், சாயம் உண்டு அல்லது இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மென்மையான கல் என்பதால் மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போடாமல் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். அமிலம் கலந்த துப்புரவுத் திரவங்கள் ஆகாது, அதிர்வலைச் சுத்திகரிப்பானில் போட விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.