மேலத்தெருவில் ஓதத் தண்ணீர்: ஊர் எதுவரை தாங்கும்?

கேள்வி: நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே உள்ள சிறிய மீனவ ஊர் எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகை அமாவாசை, பௌர்ணமிகளில் மேலத்தெருவில் உப்புத்தண்ணீர் ஏறுகிறது. முன்பெல்லாம் எப்போதாவது வந்தது. இப்போது கடல் ஏறும் ஒவ்வோர் ஓதத்துக்கும் எதிர்பார்த்து நிற்கிறோம். கடலோரம் தடுப்புச்சுவர் கேட்கலாம் என்கிறார்கள் சிலர். ‘இதற்கெல்லாம் பயந்தால் கடற்கரையில் குடியிருக்க முடியுமா?’ என்கிறார்கள் வேறு சிலர். ஓர் ஊர் எவ்வளவு வெள்ளம் வரை தாங்கும்? அதற்குக் கணக்கு ஏதும் உண்டா?

பதில்: சுவர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கடல் உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. தண்ணீர் ஏறுவதோ மேலத்தெருவில். வேளாங்கண்ணிக்குத் தெற்கே பல ஊர்களின் அமைப்பு இதுதான். கரையோரம் மணல்மேடு, அதன்மேல் ஊர், மேடு மேற்கே சரிந்து இறங்கும் பள்ளத்தில் வேதாரண்யம் கால்வாயோ வேறு வடிகாலோ. ஓதம் ஏறும்போது கடல்நீர் முகத்துவாரத்தில் நுழைந்து, கால்வாயில் எதிரேறி, உங்கள் கொல்லைப்புறம் வந்து சேர்கிறது. அதே மாதங்களில்தான் டெல்டாவின் மழைத்தண்ணீரும் வடிவதற்காக அங்கே வருகிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் தாழ்ந்த தெருவைத் தவிர வேறு போக்கிடம் ஏது? கிழக்கே கருங்கல் கொட்டிச் சுவர் எழுப்புவதால் இதில் ஒரு குடம் தண்ணீர்கூடக் குறையாது. சுவர் முடியும் முனைகளில் அரிப்பு திரும்பும், பக்கத்து ஊர்க் கரை மெலியும், அவர்களோடு மனக்கசப்புதான் மிச்சம்.

ஏன் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும்? சோழமண்டலக் கரையில் சராசரிக் கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் காற்றும் தெற்கு நோக்கிய நீரோட்டமும் தண்ணீரைக் கரையோடு ஒதுக்குகின்றன. பங்குனி, சித்திரையைவிட அப்போது கடல் ஏறத்தாழ ஒரு சாண் உயர்ந்து நிற்கிறது. அதன்மேல் அமாவாசை ஓதம், அதன்மேல் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றின் தள்ளல்.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாபோலப் பல மீட்டர் ஏறி இறங்கும் கடலுக்கு நாலு விரற்கடை உயர்வு பெரிதல்ல. நமக்கோ, எப்போதோ வரும் உச்ச ஓதத்துக்கும் சாதாரண அமாவாசை ஓதத்துக்கும் வித்தியாசமே சில விரற்கடைதான். உலகச் சராசரிக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. அந்த வேகத்திலேயே போனாலும் இருபது ஆண்டில் 7 சென்டிமீட்டர், அதாவது அந்த நாலு விரற்கடை. கடல் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஏறினாலே வெப்பமண்டலக் கரைகளில் வெள்ளம் வரும் தடவைகள் இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. போதாக்குறைக்கு, 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து காவிரி வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. புது வண்டல் வராத டெல்டா தானாக மேடாகாது, அமுங்கத்தான் செய்யும். ஆகவே ‘முன்பைவிட அடிக்கடி வருகிறது’ என்பது உங்கள் ஊர்க்காரர்களின் மனப்பிரமை அல்ல.

இனி எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி. எல்லோரும் ஆழத்தைத்தான் பேசுவார்கள். ஆழத்துக்கு எளிய வரம்புகள் உண்டு: ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தடுமாறி விழவைக்கும், 30 சென்டிமீட்டர் சிறிய காரை மிதக்கவைத்து நகர்த்தும். ஆனால் கால்வாய் வழியே மெதுவாக ஏறும் ஓதத் தண்ணீர் கணுக்காலோடு நின்றுவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடியவும் தொடங்கும். அதனால்தான் ‘இதென்ன பெரிய வெள்ளம்’ என்று தோன்றுகிறது.

எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதையும் பாருங்கள். ஓரிடத்தில் அமாவாசை, பௌர்ணமி நாள்களின் உச்ச ஓதம் கடிகாரத்தில் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும். அது உங்கள் ஏல நேரமாக இருந்தால், வருகிற ஒவ்வொரு தடவையும் ஐஸ் வண்டியும் மீன் வேனும் ஊருக்கு வெளியே நிற்கும்.

தெருவில் தண்ணீர் தெரிவதற்கு முன்பே உடையும் இடம் ஒன்று உண்டு: கழிப்பறை. கடல் உயர்ந்து நின்றால் மணலுக்குள் நிலத்தடி நீரும் உயரும். உறைக்குழியும் செப்டிக் டேங்கும் கீழிருந்து நிரம்பும். தண்ணீர் ஊற்றினால் இறங்காது. குழிநீர் மணல்வழியே அடிபம்புக்குப் போகும். மேலத்தெருப் பெண்களைக் கேளுங்கள், வெள்ளக் கணக்கு தெருவைப் பார்த்து எழுதியதிலிருந்து எவ்வளவு மாறுபடுகிறது என்று தெரியும்.

என் கணக்கில் முதலிடம் குடிதண்ணீருக்கு. மணல்மேட்டுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், மழை கொடுத்த தண்ணீர். உப்புநீரைவிட இலேசாக இருப்பதால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. மண்ணுக்கு மண் இது கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. மோட்டார் வைத்து இழுத்து மேலே ஒரு சாண் குறைத்தால், கீழே ஒன்பது மீட்டர் அளவுக்கு உப்பு ஏறிவரும். வெள்ளமோ மேலிருந்து வந்து கெடுக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. வேறு ஆதாரமே இல்லாத நிலையில் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் மேல்வரம்பு, கரைந்த உப்பெல்லாம் சேர்ந்து 2 கிராம். ஒரு குடம் கடல்நீர் பதினாறு குடம் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும்.

கெட்டது எப்போது தேறும் என்பது மாதத்தைப் பொறுத்தது. ஐப்பசியில் ஏறிய உப்பைக் கார்த்திகை மழை கழுவிவிடும். தையில் ஏறினால் கோடை முழுவதும் அங்கேயே கிடக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி மழைக்காலத்தின் கடைசியில் வந்தது. நாகை மாவட்டத்தில் பல வயல்களின் உப்பு 2005 பருவமழையில்தான் கழுவுண்டு போயிற்று. உப்பேறிய கிணற்றை அவசரப்பட்டு இறைத்துத் தள்ளினால் அடியிலிருந்து இன்னும் உப்பைத்தான் இழுப்பீர்கள்.

எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது. ஆனாலும் கேட்டதற்கு என் தீர்ப்பைச் சொல்லவேண்டும். பருவமழைக்குள் சில நாள், கணுக்கால் அளவு, வாசற்படிக்குக் கீழே என்றால் ஊர் தாங்கும். அமாவாசைத் தண்ணீர் காய்வதற்குள் பௌர்ணமித் தண்ணீர் வந்து நின்றால், அல்லது தை பிறந்த பிறகும் ஏறினால், எல்லை கடந்துவிட்டது. ஒரு கிணறு தொடர்ந்து இரண்டு பருவமழைக்கும் தேறவில்லை என்றால் தெரு உலர்ந்திருந்தாலும் எல்லை கடந்ததாகவே கொள்ளுங்கள். இந்த அளவுகோலை மேலத்தெருவின் கடைசி வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டும், ஊர்ச் சராசரியில் அல்ல. ‘பயந்தால் முடியுமா?’ என்று கேட்பவர்களின் வீடு மேட்டில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

புயல் அலை இந்தக் கணக்கில் சேராது. 1977 நவம்பர் நாகப்பட்டினம் புயல், 2018 நவம்பர் 16 கஜா போன்றவை வரும்போது தாங்குவதைப் பற்றிய பேச்சே கூடாது. முன்கூட்டியே வெளியேறத்தான் வேண்டும்.

இனிச் செய்யவேண்டியது. கால்வாய் மதகின் சுவரில் சென்டிமீட்டர் கோடுகளைப் பெயிண்டால் வரையுங்கள். சுழியம் எங்கே? மேலத்தெருவில் மிகத் தாழ்ந்த வீட்டின் வாசற்படி மட்டத்தில். கொத்தனாரின் டியூப் லெவலை, அந்தத் தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயை, வீடு வீடாக நகர்த்திக்கொண்டுபோனால் ஒரு காலைப்பொழுதில் மட்டம் மதகுக்கு வந்துவிடும். குழாயில் குமிழி நிற்கக்கூடாது. நின்றால் மட்டம் பொய் சொல்லும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம்: தேதி, திதி, தண்ணீர் தொட்ட உச்சக் கோடு, நின்ற நேரம், அன்று மழை உண்டா, காற்று வாடையா கொண்டலா. உப்பளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மலிவாகவே கிடைக்கும். தெருத் தண்ணீரையும் மூன்று நான்கு அடிபம்புத் தண்ணீரையும் அதில் பார்த்து எழுதுங்கள். தெருத் தண்ணீரின் எண் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் வடியாத மழைத்தண்ணீர். அதற்கு மருந்து வடிகாலைத் தூர்வாருவது. எண் மீட்டரின் வரம்பையே தாண்டினால் ஓதம்.

ஓதம்தான் என்று உறுதியானால், தெருவடிகால் கால்வாயைச் சேரும் வாயில் ஒருவழிக் கதவு கேளுங்கள். கால்வாய் தாழ்ந்திருக்கும்போது தானே திறந்து, ஏறும்போது தானே மூடிக்கொள்ளும். செலவு குறைவு, ஆனால் ஆகாயத்தாமரையோ நெகிழிப் பையோ சிக்கினால் மூடாது, ஓதத்துக்கு ஓதம் யாராவது போய்ப் பார்த்தாகவேண்டும். கால்வாய்க்கரை தாழ்ந்த இடங்களை உயர்த்தாமல் கதவால் மட்டும் பயனில்லை. ஊரிலிருந்து வெளியேறும் ஒரே ஒரு சாலையை உயர்த்துங்கள், குழாய்ப் பாலங்களோடு. அவை இல்லாமல் உயர்த்திய சாலை மழைத்தண்ணீரை ஊருக்குள் தேக்கும் அணையாகிவிடும். புதுக் கழிப்பறைத் தொட்டிகளை மேடேற்றிக் கட்டுங்கள்.

இடம்பெயரும் பேச்சு வந்தால், வீட்டை மேட்டுக்கு மாற்றினாலும் தொழிலைக் கரையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். படகு ஏற்றும் கரையும் வலை காயப்போடும் மணலும் பிறகு யார் பெயரில் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐப்பசியில் தொடங்கினால் மாசிக்குள் ஒரு பருவத்தின் கணக்கு கையில் இருக்கும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் நோட்டின் நகலை வைத்து, கதவுக்கும் கால்வாய்க்கரைக்கும் தனித்தனித் தீர்மானம் போடுங்கள். இரண்டும் ஒரே துறையின் வேலையாக இராது; ஒன்றாக எழுதினால் மனு மேசைக்கு மேசை அலையும்.