எஞ்சின் சூட்டில் வெந்நீரும் கேபின் கதகதப்பும்: படகில் செய்ய முடியுமா?

கேள்வி: என் படகில் 30 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் இருக்கிறது. அதன் கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) வைத்தே குளிக்க வெந்நீரும், ராத்திரியில் கேபினுக்குச் சூடும் எடுக்கலாமா? இரண்டையும் ஒரே லைனில் கொடுக்கலாமா?

பதில்: வெந்நீர் தாராளமாகக் கிடைக்கும். கேபினுக்கும் கிடைக்கும், ஆனால் எஞ்சின் ஓடும்வரைதான். ராத்திரி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

எரிகிற டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் புரொப்பல்லரைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மீதியில் பெரும்பகுதி கூலன்ட்டில் ஏறி, வெளித்தண்ணீரோடு சேர்ந்து படகுக்கு வெளியே கொட்டப்படுகிறது. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி உண்டு, அதாவது கூலன்ட்டுக்குப் போவது 3 யூனிட். 40 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவர 2.3 யூனிட் போதும், அதைப் பச்சைத் தண்ணீர் விட்டு 40 டிகிரிக்கு விளாவினால் 80 லிட்டர் குளிக்கிற தண்ணீர் ஆகிவிடும். துறையிலிருந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஓட்டினாலே இது கிடைத்துவிடும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் எஞ்சினுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கூலன்ட்டும் கடல்தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி) இருக்கிறதா, இல்லை கடல்தண்ணீரே நேராக எஞ்சினுக்குள் ஓடுகிறதா? நேராக ஓடுகிற வகை என்றால் உப்பு படியாமல் இருக்க அதைப் பொதுவாக 60 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பார்கள், சூடும் குறைவு, வெந்நீர் டேங்குக்குள் சூட்டைக் கொண்டுபோகும் குழாய்ச் சுருளில் உப்பும் அரிப்பும் சேரும். அதில் இந்த வேலையைச் செய்ய நான் சொல்லமாட்டேன். மூடிய சுற்றில் கூலன்ட் ஓடும் எஞ்சின்தான் இதற்குச் சரி, அது 75 முதல் 85 டிகிரியில் ஓடும்.

அப்புறம், எந்த இடத்தில் லைன் எடுக்கிறீர்கள் என்பது. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டின் வழியை அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அதைத் தாண்டி எடுத்தால் அது திறக்கும்வரை உங்கள் லைனில் ஒரு சொட்டுகூட ஓடாது. சிலிண்டர் ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட் உறையின் எஞ்சின் பக்கத்திலோ சூட்டை எடுத்து, கூலன்ட் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் இதற்கென்றே இரண்டு அடைப்புத் திருகுகள் இருக்கும், கையேட்டில் காட்டியிருப்பார்கள்.

ஒரே லைனில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம், நானும் அப்படித்தான் செய்வேன். முதலில் டேங்க், அடுத்து கேபின் ஹீட்டர், அங்கிருந்து எஞ்சினுக்கு. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டம் இருந்தால் டேங்க் 4 கிலோவாட் எடுத்துக்கொண்டாலும் கூலன்ட் 8 டிகிரிதான் இறங்கும், ஹீட்டருக்குச் சூடு குறையாது. இரண்டு கிளையாகப் பிரித்தால் கூலன்ட் சுலபமான வழியிலேயே ஓடி மற்றது சில்லென்று கிடக்கும், அதைச் சரிக்கட்ட வால்வைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் காலத்துக்காக ஹீட்டரைச் சுற்றி ஒரு குறுக்குவழியும் வால்வும் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் நின்றிருந்தாலும் ஹீட்டர் கேபினைச் சூடாக்கும். அந்த ஃபேன் காற்றைக் கேபினிலிருந்துதான் இழுக்க வேண்டும், எஞ்சின் அறையிலிருந்து ஒருபோதும் கூடாது. அங்கே புகை கசிந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக நீங்கள் தூங்குகிற இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்த தொல்லை காற்று. டேங்கோ ஹீட்டரோ எஞ்சினின் கூலன்ட் மூடியைவிட உயரத்தில் இருந்தால் காற்று மேலே போய் அடைத்துக்கொள்ளும். முடிந்தவரை கீழே வையுங்கள், முடியாவிட்டால் எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு சிறு கூலன்ட் டேங்க் வேண்டும், உயரமான வளைவில் காற்று விடும் திருகும் வேண்டும். எஞ்சின் சூடானதும் இரண்டு ஹோஸையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். போகிற ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, திரும்புவது அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றால் நன்றாக ஓடுகிறது. ஒன்று கொதித்து மற்றது சில்லென்று இருந்தால், அல்லது உள்ளே களகள என்று சத்தம் கேட்டால், காற்று அடைத்திருக்கிறது.

ஹோஸ் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். சூட்டைத் தாங்கும் ஹீட்டர் ஹோஸ்தான், தோட்டத்து ஹோஸ் அல்ல. நான் பார்த்த ஒரு படகில் தடுப்புப் பலகையின் ஓட்டையில் ஹோஸ் உராய்ந்து உராய்ந்து ஒரு பக்கம் காகிதம்போல மெலிந்திருந்தது. அது கிழிந்திருந்தால் கூலன்ட் முழுக்க அடித்தட்டில் கொட்டி எஞ்சினே போயிருக்கும். ஓட்டை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடுங்கள், எஞ்சின் அருகே இரண்டு ஹோஸிலும் மூடும் வால்வு வையுங்கள், லைனில் ஏதாவது ஆனால் அடைத்துவிட்டு வீடு திரும்பலாம். 16 மில்லிமீட்டர் ஹோஸ் மீட்டருக்கு 200 மில்லி பிடிக்கும், 10 மீட்டர் போட்டால் 2 லிட்டர் கூலன்ட் கூடுதலாக வேண்டும். அதை வெறும் தண்ணீரால் நிரப்பாமல் எஞ்சினில் இருக்கும் அதே கலவையால் நிரப்புங்கள்.

டேங்கில் தண்ணீர் 80 டிகிரிவரை போகும், குழாயைத் திறந்த குழந்தையின் கை வெந்துவிடும். வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து விடும் மிக்ஸிங் வால்வும் அழுத்தம் விடும் வால்வும் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். அதோடு, பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். டேங்கின் சுருளில் ஓட்டை விழுந்தால், தண்ணீர் பம்ப் ஓடும்போது அதன் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் குழாய்த் தண்ணீர் கூலன்ட்டுக்குள் போகும், பம்ப்பை நிறுத்தி அழுத்தம் இறங்கினால் கூலன்ட் வெந்நீருக்குள் வரும். காரணமே இல்லாமல் கூலன்ட் மட்டம் ஏறினால் சந்தேகப்படுங்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம்.

இப்போது ராத்திரி. எஞ்சினை நிறுத்தியதும் அந்த இரும்பிலும் கூலன்ட்டிலும் சுமார் ஒரு யூனிட் சூடு மிஞ்சியிருக்கும். ஒரு சிறிய மின்பம்ப் வைத்தால் அதையும் கேபினுக்குள் இழுக்கலாம், அரை மணி, முக்கால் மணி தாங்கும், அவ்வளவுதான். சூட்டுக்காக நங்கூரம் போட்டுவிட்டு எஞ்சினைச் சும்மா ஓடவிடாதீர்கள். சுமை இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சினில் சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும், சூடும் குறைவாகத்தான் கிடைக்கும். ராத்திரி முழுக்கக் கதகதப்பு வேண்டுமானால் வெளியே புகைபோக்கி உள்ள தனி டீசல் ஹீட்டர் போடுங்கள். கூலன்ட்டைச் சூடாக்கும் வகையாக வாங்கினால் இதே லைனிலேயே சேர்க்கலாம், காலையில் வெந்நீரும் தயாராக இருக்கும்.