'கெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை பொருள்? 'காட்', 'ஹேவ் காட்', 'காட்டன்' எல்லாம் எப்போது வரும்?

கேள்வியோடு ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருக்கிறீர்கள்: "'ஐ ஹேவ் காட் யுவர் மெயில் யெஸ்டர்டே' என்று எழுதினேன். தவறு என்று திருத்தினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை." அந்த வாக்கியத்துக்குக் கடைசியில் வருகிறேன். 'கெட்' பிடிபட்டுவிட்டால் அது தானாகவே விளங்கும்.

உச்சரிப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலில் 'கெட்', 'காட்', 'காட்டன்' என்று எழுதும் இடமெல்லாம் முதல் எழுத்தை 'தங்கம்' என்ற சொல்லில் வரும் 'க' போல ஒலியுங்கள்.

அகராதியைத் திறந்தால் 'கெட்' பக்கம் பக்கமாக ஓடும். நானும் பள்ளி நாட்களில் ஒரு நோட்டில் பொருள்களை எண் போட்டு எழுதி மனப்பாடம் செய்தவன்தான். பேச வாயைத் திறக்கும்போது அதில் ஒன்றும் உதவவில்லை. வெகு காலம் கழித்துப் புரிந்தது இதுதான்: 'கெட்' தனியாக நின்று பொருள் தருவதில்லை. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்பதைப் பார்த்தால் போதும். எல்லாப் பொருளுக்கும் அடியில் ஒரே ஒரு கருத்துதான் ஓடுகிறது. இல்லாத ஒன்று இருப்பதாக மாறுகிறது. கையில் இல்லாதது கைக்கு வருகிறது, ஒரு நிலையில் இருந்தவர் வேறு நிலைக்குப் போகிறார், ஓரிடத்தில் இருந்தவர் இன்னோரிடம் சேர்கிறார். 'பி' என்ற வினை 'இருக்கிறது' என்றால், 'கெட்' என்ற வினை 'ஆகிறது'.

அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால் கிடைத்தல், வாங்குதல், பெறுதல். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஐ காட் எ நியூ போன்' என்றால் புது போன் வாங்கினேன். தமிழில் இவை இரண்டும் வேறு வேறு அமைப்பு. நாம் முயன்று பெற்றால் 'நான் வாங்கினேன்', முயற்சி இல்லாமல் வந்தால் 'எனக்குக் கிடைத்தது' என்று 'நான்' என்பதே 'எனக்கு' ஆகிவிடுகிறது. ஆங்கிலம் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை, இரண்டுக்கும் 'ஐ காட்'தான். சளி பிடித்தாலும் 'ஐ காட் எ கோல்ட்'. 'கெட் மீ எ சேர்' என்றால் போய், ஒரு நாற்காலியை எடுத்து, என்னிடம் கொண்டு வா. நாம் மூன்று வினை போடும் இடத்தில் அவர்களுக்கு ஒன்று போதும்.

அடுத்து ஒரு பெயரடை வந்தால் 'ஆகு'. 'இட் இஸ் டார்க்' என்றால் இருட்டாக இருக்கிறது. 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. 'கொண்டு வருகிறது' என்று நம் வாயில் இயல்பாக வரும் இடத்திலெல்லாம் 'கெட்டிங்' பொருந்துகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். (எழுதும்போது 'கெட்டிங்' என்பதில் இரண்டு 'டி' வரும். ஒன்றோடு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.)

அடுத்து இடம் வந்தால் 'போய்ச் சேர்'. இங்கே 'டு' தேவை: 'கெட் டு த ஸ்டேஷன்'. ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' ஆகிய மூன்றுக்கும் 'டு' கூடாது: 'ஐ காட் ஹோம் லேட்'. இதே பொருள் தரும் 'ரீச்' என்ற சொல் நேர் எதிர், அதற்கு 'டு' எப்போதுமே கிடையாது. 'ரீச்ட் டு த ஸ்டேஷன்' என்று நம்மில் பலர் எழுதுவது இந்த இரண்டும் கலந்துபோவதால்தான்.

இனி வருவதுதான் தமிழர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி.

என் முதல் வேலையில் ஒரு திங்கட்கிழமை, வார இறுதியில் என்ன செய்தாய் என்று மேலாளர் கேட்டார். 'ஐ ரிப்பேர்ட் மை லேப்டாப்' என்றேன். கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கியதைத்தான் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரை உடைந்த தன் மடிக்கணினியை என் மேசையில் வைத்து, இதையும் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் விழித்தேன். விளக்கிச் சொல்லக்கூட அன்று எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அவர் புரிந்துகொண்டு, 'ஓ, யூ காட் இட் ரிப்பேர்ட்' என்றார். எந்த இலக்கணப் புத்தகமும் புரியவைக்காததை அந்த ஒரு வாக்கியம் புரியவைத்தது.

நாம் 'முடி வெட்டிக்கொண்டேன்', 'சட்டை தைத்தேன்', 'வீட்டுக்கு வெள்ளை அடித்தேன்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கத்திரியையோ தூரிகையையோ நாம் தொட்டிருக்க மாட்டோம். கேட்பவருக்கு அது தெரியும், அதனால் தமிழில் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன் நின்று நானே வெட்டிக்கொண்டேன் என்றுதான் முதலில் தோன்றும். பிறர் செய்தார்கள் என்பதைக் காட்ட 'ஐ காட் மை ஹேர் கட்' என்று வரிசையை மாற்ற வேண்டும். முதலில் 'காட்', பிறகு பொருள், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். 'காட் மை லேப்டாப் ரிப்பேர்ட்', 'காட் த ஹவுஸ் பெயிண்டட்'. இங்கே 'காட்' இருக்கும் இடத்தில் 'ஹேட்' போட்டாலும் சரியே, சற்று முறையாக ஒலிக்கும்.

செய்பவரையும் குறிப்பிட வேண்டுமானால் அமைப்பு வேறு: 'ஐ காட் ஹிம் டு ஸைன்'. தமிழில் 'கையெழுத்துப் போட வைத்தேன்'. ஆனால் நம் 'வைத்தேன்' இரண்டு விதமாகவும் இருக்கலாம், கெஞ்சியும் இருக்கலாம், மிரட்டியும் இருக்கலாம். ஆங்கிலம் அதைப் பிரித்துவிடும். பேசிச் சம்மதிக்க வைத்தால் 'காட் ஹிம் டு ஸைன்', கட்டாயப்படுத்தினால் 'மேட் ஹிம் ஸைன்'. 'கெட்' உடன் 'டு' உண்டு, 'மேக்' உடன் இல்லை. ஒரு மேலாளர் தன் ஊழியரைப் பற்றி எழுதும் கடிதத்தில் இந்த இரண்டும் இடம் மாறினால் பொருளே மாறிப்போகும்.

செயப்பாட்டு வினையிலும் 'கெட்' வருகிறது. 'தே வேர் மேரீட்' என்றால் அவர்கள் திருமணம் ஆனவர்களாக இருந்தார்கள் என்றும் கொள்ளலாம், திருமணம் நடந்தது என்றும் கொள்ளலாம். 'தே காட் மேரீட்' என்றால் சந்தேகமே இல்லை, திருமணம் நடந்தது. நிலையைச் சொல்கிறோமா நிகழ்ச்சியைச் சொல்கிறோமா என்ற குழப்பத்தைத் தீர்க்க 'கெட்' வந்து நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இங்கேதான் இருக்கிறது. தமிழும் இதையே செய்கிறது! 'அடிக்கப்பட்டான்' என்று புத்தகத்தில் எழுதுவோம், பேச்சில் 'அடி வாங்கினான்'. 'திட்டு வாங்கினேன்', 'உதை வாங்கினான்'. பெறுவதைக் குறிக்கும் வினையை எடுத்துச் செயப்பாட்டுக்குப் பயன்படுத்தும் பழக்கம், ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிகளில் தனித்தனியே முளைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். இந்தக் 'கெட்' துணைவினை போல நடந்துகொள்ளாது. 'வாஸ் ஹி ஹர்ட்?' என்று 'வாஸ்' முன்னால் வரலாம், 'காட் ஹி ஹர்ட்?' என்று வராது. 'டிட் ஹி கெட் ஹர்ட்?' என்று 'டிட்' உதவிக்கு வர வேண்டும்.

இப்போது வடிவங்கள். நிகழ்காலம் 'கெட்', ஒருமைப் படர்க்கைக்கு 'கெட்ஸ்', இறந்தகாலம் 'காட்', தொடர்நிலை 'கெட்டிங்'. மூன்றாம் வடிவம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'காட்', அமெரிக்க ஆங்கிலத்தில் 'காட்டன்'. 'காட்டன்' அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். அது இங்கிலாந்திலேயே வழங்கிவந்த பழைய வடிவம்தான். பிறகு அங்கே பெரும்பாலும் வழக்கொழிந்தது, கடல் தாண்டிப் போன இடத்தில் நிலைத்தது. இன்றும் பிரிட்டிஷ்காரர்கள் 'ஃபர்காட்டன்' என்றுதான் சொல்கிறார்கள், தவறான வழியில் வந்த செல்வத்தை 'இல்-காட்டன்' என்கிறார்கள்.

அமெரிக்கர்கள் 'காட்', 'காட்டன்' இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்கிறார்கள். 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்றால் என்னிடம் டிக்கெட் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் எனக்குக் கிடைத்துவிட்டது. இருப்பது ஒன்று, வந்தது இன்னொன்று. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஹேவ் காட்'தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நீங்கள் எதைப் பின்பற்றினாலும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆக, 'ஹேவ் காட்' பார்வைக்குத்தான் இறந்தகாலம். 'ஐ ஹேவ் காட் டூ சிஸ்டர்ஸ்' என்பதில் எதுவும் நடந்து முடியவில்லை, எனக்கு இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள் என்று பொருள். 'ஹேவ் காட் டு' என்று 'டு' சேர்ந்தால் கட்டாயம்: 'ஐ ஹேவ் காட் டு கோ', நான் போயே ஆக வேண்டும். பேச்சில் 'காட்டா' என்று சுருங்குவது இதுதான். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஐ காட் டு ஸீ ஹர்' என்றால் அவளைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு ஸீ ஹர்' என்றால் அவளைப் பார்த்தே ஆக வேண்டும். பார்த்துவிட்ட மகிழ்ச்சி ஒன்று, பார்க்க வேண்டிய அவசரம் மற்றது. பேச்சில் 'ஹேவ்' ஒரு மெல்லிய 'வ்' ஆகக் கரைந்துவிடும், சில சமயம் அதுவும் கேட்காது. முன்பின் பேச்சைக் கவனித்துத்தான் பிரித்தறிய முடியும்.

வேர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'கெட்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது கொண்டுவந்த பழைய நோர்ஸ் மொழியின் 'கெடா' என்ற சொல்லிலிருந்து வந்தது. எழுத்தில் அது தலைகாட்டுவது சுமார் 1200-ஆம் ஆண்டு வாக்கில். அதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொல் ஒன்று 'ய' ஒலியோடு இருந்தது, ஆனால் முன்னொட்டுகளோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். 'ஃபர்கெட்' அந்த வழியில் வந்ததுதான், பிடியிலிருந்து நழுவ விடுவது என்பது அதன் அடிப்பொருள். லத்தீனில் இதே மூலத்தின் கிளையிலிருந்து வந்தது 'காம்ப்ரிஹெண்ட்', அதாவது புரிந்துகொள்வது. இத்தனைக்கும் அடியில் உள்ள கருத்து 'பிடி'. 'காட் இட்' என்று அவர்கள் சொல்வதும் 'பிடிபட்டது' என்று நாம் சொல்வதும் ஒரே கை அசைவு.

'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் பை' போன்ற கூட்டு வினைகளை எல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாக, வாக்கியத்தோடு கேட்டுக் கேட்டுப் பழகுவதே வழி. பேருந்துக்கு 'கெட் ஆன்', காருக்கு 'கெட் இன்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுந்து நிற்கவும் நடக்கவும் முடிகிற வண்டி என்றால் பொதுவாக 'ஆன்'.

அலுவல் கடிதங்களில் 'கெட்' வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்வதும் ஓரளவு நியாயம்தான். அங்கே 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்' என்று பொருளுக்கேற்ற சொல் இருக்கிறது. ஆனால் அதை விதியாக எடுத்துக்கொண்டு 'பிகம் மேரீட்' என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள். 'கெட் மேரீட்', 'கெட் ரெடி', 'கெட் லாஸ்ட்' போன்றவை அப்படியே உறைந்துபோனவை.

இனி உங்கள் வாக்கியம். 'ஐ ஹேவ் காட் யுவர் மெயில்' வரை தவறே இல்லை. மெயில் என்னிடம் இருக்கிறது என்றோ, வந்து சேர்ந்துவிட்டது என்றோ பொருள் தரும். இரண்டுமே இந்தக் கணத்தைப் பற்றியவை. அதன் பக்கத்தில் 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன ஒரு நாளை வைத்ததுதான் சிக்கல். இந்தப் பிழை நமக்கு ஏன் வருகிறது தெரியுமா? தமிழில் 'உங்க மெயில் நேத்தே வந்திருக்கு' என்பது அழகான வாக்கியம். 'வந்திருக்கு' என்பதோடு 'நேத்து' சேர நம் மொழி தடை சொல்வதில்லை, ஆங்கிலம் சொல்கிறது. எனவே இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எந்த நாள் என்பது முக்கியமானால் 'ஐ காட் யுவர் மெயில் யெஸ்டர்டே'. வந்து சேர்ந்தது என்று தெரிவித்தால் போதுமானால் 'ஐ ஹேவ் காட் யுவர் மெயில்'. அலுவலகத்துக்கு எழுதுவதாக இருந்தால் நான் 'ஐ ரிசீவ்ட் யுவர் மெயில் யெஸ்டர்டே' என்று எழுதுவேன்.