ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட சட்டம் “இன்னும் வரவில்லை” என்கிறார்களே, அது எப்படி?

உங்களிடமும் யாரோ இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் சொன்னது, நான் வேலை பார்த்த நிறுவனத்தின் மனிதவள அதிகாரி.

எனக்கு மூன்று வருட ஒப்பந்தம். 2022 மார்ச்சில் முடிந்தது. என்னைப் போல் குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு, ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்கிறது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு. 2020 செப்டம்பர் 28-லேயே ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்துவிட்டது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு, தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை நானே கட்டுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அந்த அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, முதல் பிரிவில் ஒரு வரியைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்: மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில்தான் இது நடைமுறைக்கு வரும். அந்தத் தேதி அப்போது அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

அவையில் தாக்கல் செய்வது மசோதா. இரு அவைகளும் நிறைவேற்றி, ஜனாதிபதி ஒப்புதல் தந்தால் சட்டம். அமல் என்பது அதற்கும் அடுத்த படி. அதிலும் மொத்தமாக வரவேண்டும் என்பதில்லை. இதே தொகுப்பில் ஆதார் பற்றிய 142-வது பிரிவு மட்டும் 2021 மே 3-ல் அமலானது. ஆதாரைக் கேட்கும் பிரிவுக்கு இருந்த அவசரம், பணம் தரும் பிரிவுக்கு இல்லையே என்று இன்றும் ஆறவில்லை.

எல்லாச் சட்டமும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, வழக்கறிஞர்கள் சண்டைக்கு வரவேண்டாம். தேதி பற்றி எதுவும் சொல்லாத மத்தியச் சட்டம், ஒப்புதல் கிடைத்த அன்றே நடைமுறைக்கு வந்துவிடும்; 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1995-ல் ஒப்புதல் பெற்ற டெல்லி வாடகைச் சட்டம் அமலுக்கே வராமல் கிடந்த கதையும் உண்டு.

நம் செய்தித்தாள்கள் மீதும் எனக்குக் கோபம். அமைச்சரவை சரி என்றாலும் “ஒப்புதல்”, மக்களவை நிறைவேற்றினாலும் “ஒப்புதல்”, ஜனாதிபதி கையெழுத்திட்டாலும் “ஒப்புதல்”. மூன்று கட்டத்துக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் எதை நம்புவார்? மத்திய அரசிதழைப் பார்க்கலாம் என்றால் அது இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது.

ஆகவே முதல் பிரிவில் “தொடக்கம்” பற்றிய வரியைப் பாருங்கள். பிறகு அதற்கான அறிவிக்கை வந்திருக்கிறதா, எந்தெந்தப் பிரிவுக்கு என்று தேடுங்கள். என் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. 2022-லேயே முடிந்துபோன என் ஒப்பந்தத்துக்கு அதனால் பயனில்லை.