பால்கனியில் துணி துவைக்கும் இடம்: முதலில் தரை, பிறகு அலமாரி

கேள்வி: சென்னையில் கடலை ஒட்டிய தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். சமையலறையை ஒட்டிய 4 அடிக்கு 6 அடி பால்கனியில்தான் வாஷிங் மெஷின், குழாய், கொடி எல்லாம் இருக்கின்றன. தரையில் தண்ணீர் தேங்குகிறது, மழைக்காலத்தில் துணி காயாமல் வாடை அடிக்கிறது, இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடித்துவிட்டது. அலமாரி போட்டுச் சீரமைக்க நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தரையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் வடியும் வழி சரியாகாத இடத்தில் எவ்வளவு நல்ல அலமாரி போட்டாலும் அதன் அடிப்பலகை ஊறி உப்பிவிடும்.

மெஷினை நகர்த்திவிட்டு அரை வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்த மூலையில் நிற்கிறது என்று பாருங்கள். வடிகால் வாயை நோக்கி 6 அடிக்கு ஏறக்குறைய 1 அங்குலம் வாட்டம் (சரிவு) இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டித் தருவதாகக் கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய வாட்டக் குறை அப்படியே மேலே வருவதோடு, தரை உயர்ந்து தண்ணீர் சமையலறைக்குள்ளும் புகும். பழையதைப் பெயர்த்து, வாட்டம் கொடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரிலும் 1 அடி உயரத்துக்கு ஏற்றிப் பூசி, அது காய்ந்த பின் வடிகாலை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டி வைத்து, கீழ்வீட்டின் மேற்கூரையில் ஈரம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

அந்த வடிகால் எந்தக் குழாயில் சேர்கிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. பால்கனி வடிகால் மழைநீர்க் குழாயோடு இணைந்திருப்பதுண்டு. தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், பல குடியிருப்புகளில் அந்தக் குழாய் உறிஞ்சுகுழிக்கோ கிணற்றுக்கோ போகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாவதே பெரிய கவலையாக இருக்கும்போது, அதில் சோப்புத் தண்ணீரையும் கலக்க விடுவது சரியல்ல. சமையலறைக் கழிவுக் குழாயோடு இணைத்து, 2 அங்குலம் தண்ணீர் நிற்கும் வளைவான அமைப்பான ட்ராப் வைக்கச் சொல்லுங்கள். சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மெஷினின் கழிவு ஹோஸைத் தரையில் போடாமல், 2 முதல் 3 அடி உயரமுள்ள தனிக் குழாயில் தளர்வாகச் செருகுங்கள். தாழ்வாகக் கிடந்தால் துவைக்கும்போதே மெஷினிலிருந்து தண்ணீர் தானாக வடிந்துகொண்டிருக்கும்.

மின் இணைப்பில் சிக்கனம் வேண்டாம். சுடுநீரில் துவைக்கும் மெஷின் ஏறக்குறைய 2,000 வாட் இழுக்கும் என்பதால், அதற்கென்று தனி வயர், எர்த்துடன் 16 ஆம்பியர் சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஆகிய மூன்றும் அவசியம். போர்டு குழாயிலிருந்து தள்ளி, தரையிலிருந்து 4 அடிக்கு மேல் இருக்கட்டும்.

அலமாரிக்கு மரத்தூள் பலகை கூடாது. உப்புக்காற்றில் இரும்புக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் கீறல் விழுந்த இடத்தில் துரு கிளம்பும். அலுமினியச் சட்டத்தில் பிவிசி பலகை போதும். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் அதன் 85 செ.மீ. உயரத்துக்கு மேலேயே தட்டு வைக்கலாம், மேலே திறப்பதென்றால் மூடி முழுவதும் நிமிர இடம் விட்டு அளவெடுங்கள். மெஷினுக்கு ஸ்டாண்ட் தேவையில்லை. அதிர்வு தாங்கும் ரப்பர் பாதங்களின் மேல், ரசமட்டம் வைத்து நிறுத்துங்கள்.

கொடிகளுக்குப் பதிலாக, கயிற்றை இழுத்து ஏற்றி இறக்கும் கம்பிகளைக் கூரையில் பொருத்தினால் நடக்கும் இடம் மிஞ்சும். சாரலுக்குப் பயந்து பால்கனியைக் கண்ணாடியால் முழுவதும் அடைத்துவிடாதீர்கள். ஈரக்காற்று உள்ளேயே சுற்றினால் துணியில் வாடைதான் ஏறும். சரிவான பட்டைகள் கொண்ட லூவர் ஜன்னல் வைத்து, எதிர் மூலையில் மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தி, துணிகளுக்கிடையே ஒரு கை அகல இடைவெளி விட்டுக் காயப்போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை துணி உலரும் வரையில் அந்த ஃபேன் ஓடட்டும்.