கடலுக்குள் எந்த பிலிம்? 100-ஆ, 400-ஆ?

கே: இலங்கையின் நீலாவெளி புறாத்தீவில் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாயோடு நீந்துவது). நிக்கானாஸ் 5 என்ற நீரடி பிலிம் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், ஃபிளாஷ் கிடையாது. எந்த பிலிம் போடலாம்?

400 நெகட்டிவ் (பிரிண்ட் போடும் பிலிம்). 100, 400 என்பவை பிலிமின் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும். கரையில் உச்சி வெயிலுக்கு, 100 பிலிமில் ஷட்டர் 1/125 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/16 (எண் கூடினால் திறப்பு சிறிது) என்பது பழைய கணக்கு. தெளிந்த தண்ணீரில் 3 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சம் போய், எஃப்/8-க்கு வந்துவிடும். 400 போட்டால் எஃப்/16 திரும்பக் கிடைக்கும். எஃப்/11, 1/250 வைத்தால் மீனின் அசைவும் நிற்கும். இந்தக் கேமராவில் தூரத்தைக் கண்மதிப்பாகத்தான் வைக்க வேண்டும். லென்ஸ் திறப்பு சிறியதாக இருந்தால் கணிப்பு கொஞ்சம் தப்பினாலும் படம் தப்பிக்கும்.

பிலிம் டப்பாவில் வேகத்தைச் சொல்லும் டிஎக்ஸ் குறியீட்டை இந்தக் கேமரா படிக்காது. ஐஎஸ்ஓ (பிலிம் வேகம்) டயலை நீங்களே திருப்ப வேண்டும். ஷட்டரைக் கேமராவே தீர்மானிக்கும் 'ஏ' மோடில், 400 பிலிமுக்கு டயல் 100-லேயே நின்றுவிட்டால் வெளிச்சம் 2 ஸ்டாப் ஓவர். நெகட்டிவ் தாங்கும், ஸ்லைடு (நேரடியாகவே படம் தெரியும் பிலிம்) வெளுத்துப்போகும்.

கே: 20 மீட்டர் ஆழத்தில் எல்லாம் நீலமாக விழுகிறது. 800 போட்டால் சிவப்பு வருமா?

வராது. சிவப்பைத் தண்ணீர் முதல் சில மீட்டரிலேயே பெரும்பாலும் குடித்துவிடுகிறது. வேகமான பிலிம் அதே நீலத்தை இன்னும் பளிச்சென்று காட்டும், அவ்வளவுதான். அந்த ஆழத்தில் சிவப்பு ஃபில்டரும் வீண். இருக்கிற வெளிச்சத்தையும் தின்னும். ஃபிளாஷ்தான் வழி. ஃபிளாஷ் வந்துவிட்டால் 100 போதும். ஆனால் 1 மீட்டருக்குள் நெருங்குங்கள்: ஒளி போய்த் திரும்புவதற்குள் 2 மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது.

கே: எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் குழாய்) மாட்டி மேக்ரோ (மிக நெருங்கிய படம்) எடுக்க 400 சரியா?

வேண்டாம். ஃபிளாஷ் மேனுவலில், 100-க்கு எஃப்/22 பொருந்துகிற இடத்தில் 400 எஃப்/44 கேட்கும். லென்ஸ் எஃப்/22-வோடு முடிந்துவிடுகிறது. 50 அல்லது 100 ஸ்லைடு போடுங்கள்.

கே: படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. 400-இன் கிரெய்னா (பிலிமின் துகள்)?

லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். கிரெய்ன் படமெங்கும் சீராக, நுண்ணிய மணலாகத் தெரியும். வட்டவட்டமாக, ஓரம் மங்கி, ஃபிளாஷ் இருந்த பக்கம் கூடுதலாக இருந்தால் அது தண்ணீரில் மிதக்கும் தூசு. பிலிமை மாற்றிப் பயனில்லை. ஃபிளாஷை நீண்ட கைப்பிடியில் லென்ஸை விட்டு விலக்கி, வெளிப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள்.

கே: விமானத்தில் பிலிம் கொண்டுபோகலாமா?

கைப்பையில் மட்டும். சிடி ஸ்கேனர் (வலுவான எக்ஸ்ரே சோதனை இயந்திரம்) என்றால் 100-ஐக்கூட உள்ளே விடாதீர்கள். கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.