கீழே ஓடும் இரண்டு வரி

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இங்கே சின்ன தியேட்டர் நடத்துகிறார். 180 சீட். புதுப்படம் அவருக்குக் கிடைப்பதில்லை, மற்ற இடங்களில் ஓடி முடிந்ததைத்தான் போடுகிறார். மாதம் ஒரு ஞாயிறு காலை 9 மணியை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வழக்கமான காட்சி 11:30-க்கு. நாங்கள் ஆறு நண்பர்கள். வெளிநாட்டுப் படங்கள் போடுவதென்று முடிவெடுத்து, பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம் பட்டியலும் போட்டுவிட்டோம். இணைத்திருக்கிறேன்.

இங்கிலீஷ் சப்டைட்டில் போதும், வருகிறவர்கள் எப்படியும் படித்தவர்கள்தானே என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அம்மா எட்டாவது வரை படித்தவர். வார இதழை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பார். அவர் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்னொரு விஷயம், எல்லாம் பழைய படங்கள், உரிமை என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள் என்கிறார் ஒரு நண்பர். சரிதானா? பட்டியலில் எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம்? நீங்கள் புதுச்சேரியில் சில வருடம் இதைச் செய்தவர் என்று படித்ததால் கேட்கிறேன்.

மு., கடலூர்

அன்புள்ள மு.,

பட்டியலைப் பார்த்தேன். ஒரு படத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதை ஆறு மாதத்துக்கு அலமாரியில் வையுங்கள். உங்கள் கடிதத்தில் வேலைக்கு ஆகிற வரி உங்கள் அம்மாவைப் பற்றியது. அவர் வந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் எதையும் கேட்காமல் ஒரு படத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். அதற்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்தாலே எந்தப் படம், எத்தனை நிமிடம், எந்த சீட், எவ்வளவு செலவு எல்லாம் வரிசையாக வந்துவிடும். நாங்கள் அப்படி யோசிக்கவில்லை. உங்களைப் போலவே பட்டியலில் இருந்துதான் தொடங்கினோம்.

முதல் எட்டு மாதம் இங்கிலீஷ் சப்டைட்டில்தான். நாற்பது பேர் வந்தார்கள். எட்டு மாதமும் அதே நாற்பது பேர். படம் முடிந்ததும் வெளியே நின்று ஒளிப்பதிவைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். நல்ல கூட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படம் ஓடும்போது அரங்கில் ஒரு சத்தமும் இருக்காது. சிரிக்கிற இடத்திலும் இருக்காது.

ஒரு மாலை பிரெஞ்சுப் படம். சப்டைட்டில் கோப்பு ஏறவே இல்லை. ஆபரேட்டர் கேபினுக்குள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு சொல்தா. உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் மனைவியின் காதோரம் சொல்ல ஆரம்பித்தார். "எங்க போயிருந்தேன்னு கேக்குறா... இவன் புளுகுறான்... அவளுக்குத் தெரிஞ்சு போச்சு." பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க முசே." முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பத்து நிமிடத்தில் மொத்த அரங்கும் அவர் வாய்வழியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. சப்டைட்டில் வந்த பிறகும் அவரை யாரும் நிறுத்த விடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரையும் ஏசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். ஊமைப்பட நாட்களில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார். தமிழ்நாடு பார்த்த முதல் படங்களே வெளிநாட்டுப் படங்கள்தான், மு. பக்கத்தில் தமிழ் இருந்தது, அதனால் யாருக்கும் அவை அந்நியமாகப் படவில்லை.

அதற்கப்புறம் தமிழ் சப்டைட்டில் என்று முடிவு செய்தோம். இங்கிலீஷ் சப்டைட்டிலை வைத்துக்கொண்டு நானே மொழிபெயர்த்தேன். பெருமையாக அந்த சொல்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மருமகள மாமியார 'நீ'ன்னு கூப்பிட வெச்சிட்டீங்களே!" பிரெஞ்சில் நெருக்கமானவர்களுக்கு 'த்யு', மரியாதைக்கு 'வூ'. இரண்டையும் இங்கிலீஷ் ஒரே 'யூ'வில் போட்டு மூடிவிடுகிறது. அதில் இருந்து தமிழுக்கு வருகிறவன் குத்துமதிப்பாக அடிக்க வேண்டியதுதான். மூலத்தில் இருந்து நேராக வந்தால் நமக்கு 'நீ', 'நீங்கள்' தயாராக இருக்கின்றன. படம் முழுக்க 'வூ' போட்டுப் பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் சட்டென்று 'த்யு'வுக்கு மாறும்போது, இங்கிலீஷ் படிக்கிறவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. தமிழ் படிக்கிறவருக்கு எல்லாம் நடந்துவிடுகிறது. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உங்களிடமிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் பிரெஞ்சும் தமிழும் ஒரே வீட்டில் பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. பஸ் ஏறி வந்தால் போதும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது நீளம். நம் சொற்கள் நீளமானவை, ஆனால் 'நான்', 'அவன்' எதுவும் வேண்டியதில்லை, வினையே சொல்லிவிடும். 'எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியவில்லை' என்று முதலில் எழுதியிருந்தேன். கடைசியில் நின்றது 'தெரியாது'. எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்று நிறையச் சண்டை போட்டோம். பேச்சு வழக்கு சின்னதாக இருக்கும், ஆனால் அதை வாசித்துப் பழகாத கண் ஒரு நொடி தடுக்கும். தவிர, பாரிஸ் பையன் ராயபுரம் பாஷை பேசினால் எனக்கே சிரிப்பு வருகிறது. சுருக்கமான, எளிமையான எழுத்து நடைதான் என் கட்சி.

அடுத்து எழுத்துரு. எங்கள் முதல் தமிழ்க் காட்சியில் 'பேசு' என்று திரையில் வந்தபோது, 'ப'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு தாண்டிப் போய் 'சு'வின் தலைமாட்டில் நின்றது. 'கோபம்' வந்த இடத்தில் கொம்பும் காலும் ஒரே பக்கம் சேர்ந்து ஒரு வட்டத்தைச் சுமந்துகொண்டிருந்தன. கணினியில் சரியாகத்தான் இருந்தது. படத்தை ஓட்டுகிற தியேட்டர் கணினிக்கு, அதாவது சர்வருக்கு, தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதியில், அதாவது டிசிபியில், சப்டைட்டிலை எழுத்தாகவும் வைக்கலாம், ஒவ்வொரு வரியையும் ஒரு படமாக மாற்றியும் வைக்கலாம். படமாக வைக்கச் சொல்லுங்கள், கொம்பு ஓடாது. சாவி இல்லாமல் திறக்காதபடி பூட்டிய பிரதியாக வந்தால் அதற்குள் நீங்கள் எதையும் நுழைக்க முடியாது. அப்போது நாங்கள் திரையின் கீழ் விளிம்பில் ஒரு துணிப்பட்டை கட்டி, சின்ன புரொஜக்டரால் அதில் மட்டும் தமிழைப் போட்டோம். மடிக்கணினியில் ஒருவர் வரி வரியாகத் தட்ட வேண்டும், ஒரு படத்துக்கு ஆயிரம் தட்டாவது வரும். தட்டிய கல்லூரிப் பெண் ஒரு நகைச்சுவையில் தானே சிரித்துவிட்டதால் அடுத்த மூன்று வரி பிந்தி வந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் தியேட்டரில் தரை சரிவாக இருக்கிறதா? நான் இதைக் கேட்கக் காரணம் உண்டு. சின்ன அரங்குகளில் தரை கிட்டத்தட்ட சமமாக இருக்கும். தமிழ்ப் படம் பார்க்கும்போது முன்னால் இருப்பவர் தலை திரையின் அடிப்பகுதியை மறைத்தால் ஹீரோவின் செருப்புதான் போகும். சப்டைட்டில் படத்தில் கதையே போய்விடும். ஒரு தடவை நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் அம்மாவின் கொண்டைக்கு இடப்பக்கம் பாதி வாக்கியம், வலப்பக்கம் பாதி வாக்கியம். அன்றோடு ஒரு சீட் விட்டு ஒரு சீட், வரிசை மாற்றி உட்கார வைக்க ஆரம்பித்தோம். 180 என்பது உங்களுக்கு 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உரிமை. நண்பர் சொல்வது பாதிதான் சரி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நம் நாட்டில் திரைப்படத்துக்கான உரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்தில் இருந்து 60 ஆண்டு. ஆனால் கதை, வசனம், இசைக்கு உரிமை தனி. அதை எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு ஓட வேண்டும். பிரெஞ்சு நகைச்சுவை இயக்குநர் ழாக் தாதியின் 1953 படத்தை எடுத்துக்கொண்டால் படத்தின் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. எழுத்தில் பங்குள்ள தாதி இறந்தது 1982-ல், ஆக 2042 வரை அந்தக் கணக்கு முடியாது. கடையில் வாங்கிய டிஸ்க் வீட்டுக்கு மட்டும். மொழிபெயர்க்கவும் அனுமதி கேட்க வேண்டும், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள். இதற்கு மேல் 1952 சினிமாட்டோகிராப் சட்டம்: தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் பொதுமக்களுக்குக் காட்ட முடியாது. பழைய திரைப்படச் சங்கங்கள் பதிவு செய்து, விலக்கு வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டும் போட்டன. நீங்களும் அந்த வழியை விசாரியுங்கள். போஸ்டர் அடிப்பது எல்லாம் இதற்குப் பிறகு.

பிரெஞ்சுப் படங்களுக்கு எங்கள் சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸிலும், ஜெர்மன் படங்களுக்கு சென்னை மாக்ஸ்முல்லர் பவனிலும், ஜப்பானியப் படங்களுக்கு டெல்லியில் உள்ள ஜப்பான் பவுண்டேஷனிலும் கேட்டுப் பாருங்கள். இப்படி வருவது வணிகமில்லாத காட்சிக்கு, அதாவது டிக்கெட் போடக்கூடாது. ஆகவே தியேட்டர்காரரிடம் வசூலில் பங்கு என்று பேசாதீர்கள். இரண்டரை மணி நேர வாடகை, கரன்ட் செலவு, ஆபரேட்டர் படி என்று ஒரு தொகை பேசி ஆறு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிரதியோடு ஒரு சாவி மின்னஞ்சலில் வரும். அந்த சர்வரில் மட்டும், குறித்த நேரத்துக்குள் மட்டும் திறக்கும். ஒரு ஜூன் மாதம் எங்கள் காட்சி காலை 10-க்கு. சாவி 9-ல் இருந்து செல்லும் என்று எழுதியிருந்தது. பாரிஸ் நேரம் 9. கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், ஆக எங்களுக்கு 12:30. அறுபது பேரை உட்கார வைத்துக்கொண்டு, டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்துக் கதை பேசிச் சமாளித்தோம். முந்தின நாளில் இருந்தே திறக்கிற சாவி கேளுங்கள். ராத்திரிக் காட்சி முடிந்ததும் முதல் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய படங்களின் சட்டகம் கிட்டத்தட்ட சதுரம், அகலத் திரைக்கு இழுத்தால் மேலே தலை போய்விடும். ஆபரேட்டரோடு உட்கார்ந்து சரிசெய்ய அதுதான் நேரம்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். 'ஏழு சாமுராய்' 207 நிமிடம். 9 மணிக்கு ஆரம்பித்தால் கிட்டத்தட்ட 12:30. தியேட்டர்காரரின் 11:30 காட்சிக்கு வந்தவர்கள் வெளியே நின்று உங்களை என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. படத்தை எடுத்த குரோசாவாவே அதில் ஓர் இன்டர்வெல் வைத்திருக்கிறார், கேண்டீன்காரர் கும்பிடுவார், அது வேறு. உங்களிடம் இருப்பது இரண்டரை மணி. முக்கியப் படம் 100 நிமிடத்துக்குள் இருக்கட்டும். அப்புறம், ஞாயிறு காலை 9 மணி கடலூரில் பாதி ஊர் கறிக்கடையிலும் மீன்கடையிலும் நிற்கிற நேரம். உங்கள் அம்மாவுக்கும் அது சமையல் நேரம்தானே? சனிக்கிழமை கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதல் மாதத்துக்கு நான் சொல்வது 'சிவப்பு பலூன்'. ஆல்பெர் லமொரிஸ் 1956-ல் எடுத்தது, 34 நிமிடம், பேச்சு அநேகமாக இல்லை. அப்படியும் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது. அதோடு சேர்த்து மேலே சொன்ன தாதியின் படம், 'முசே உலோவின் விடுமுறை'. இன்று புழங்கும் பிரதி ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடற்கரை ஊர் ஒன்றுக்கு விடுமுறையில் வந்தவர்களும், எதைத் தொட்டாலும் கோணலாகிவிடுகிற ஒரு நல்ல மனிதரும். வசனம் கொஞ்சம். ஹோட்டலில் சாப்பாட்டு அறைக் கதவு ஒவ்வொரு முறை ஆடும்போதும் ஒரு 'டொய்ங்' கேட்கும், நான்காவது டொய்ங்கில் அரங்கு சிரிக்க ஆரம்பிக்கும். சில்வர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பார்த்த யாருக்கும் அந்தப் படத்தில் புரியாதது ஒன்றும் இல்லை. முதல் முறை மொழிபெயர்ப்பவருக்கும் இப்படிப்பட்ட படம்தான் கைக்கு அடக்கம். ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் எங்கேயும் போய்விட மாட்டார், இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அம்மாவை ஒருநாள் அந்த தியேட்டருக்குக் கூட்டிப்போய், எந்தப் படம் ஓடினாலும் சரி, ஐந்தாவது வரிசையில் உட்கார வைத்து, திரையின் கீழ் விளிம்பு தெரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள். கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.